ஒரு ஷீட் நீளத்துக்குப் பதில்

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாயே திறக்க மாட்டாள் என்பதால் வைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க அவள் குரலை யாரும் கேட்கவில்லை. சலவைக்கூடத்துச் சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வருமா வராதா என்று கேட்டார். வரும் சார், ஸ்டேஷன் கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும் என்றேன். அன்றிலிருந்து அவள் ரேடியோ. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லை.

ஊரில் உள்ள ஆஸ்பத்திரி, லாட்ஜ் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் எங்கள் கூடத்துக்குத்தான் வரும். ஆண்கள் துவைத்துப் பிழிந்து தள்ளுவண்டியில் அனுப்புவார்கள். எங்கள் பக்கம் இருப்பது உருளை மெஷின். சுடச்சுடச் சுழலும் உருளைகளுக்கு நடுவே இரண்டு பெண்கள் ஈர ஷீட்டைக் கொடுப்பார்கள். மறுபக்கம் நானும் ரேடியோவும் காய்ந்து வருவதை எடுத்து மடிப்போம். கொடுக்கிற இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. மெஷினில் மட்டும் ஒரே ஷீட்டின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பார்கள். பெரியவள் சின்னவளுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள். சின்னவள் அதற்கான பதிலை ரேடியோவிடம் சொல்வாள். ரேடியோ யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள் என்பதால் சண்டை பாதியிலேயே நின்றுபோகும்.

மடிப்பது பார்க்க லேசான வேலையாகத் தெரியும். ஆளுக்கு இரண்டு முனை. பிடித்து, உதறி, இழுத்து, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். அவள் தன் முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி வருவாள். அதற்குள் அடுத்தது வந்து நிற்கும். இப்படி நடந்து நடந்து, என் வீட்டுக்காரர் முகத்தைவிட அவள் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவள் கதை இன்னும் மோசம். அவள் புருஷன் கடல் தாண்டி இருந்தான்.

கல்யாணமாகி இரண்டு மாதம் ஒன்றாக இருந்தார்கள். பிறகு அவன் குளிர் நாடு ஒன்றில், மீனும் இறைச்சியும் உறைய வைக்கும் கிடங்கில் வேலைக்குப் போய்விட்டான். வருஷம் திரும்புவதற்குள் அழைத்துக்கொள்வதாகச் சொன்னவனால் நான்கு வருஷமாகியும் அழைக்க முடியவில்லை. முதலில் அவனுடைய காகிதங்கள் இழுத்தடித்தன. அவை சரியானதும் புதிதாக ஒரு சட்டம் குறுக்கே வந்து நின்றது: மனைவியாக வருகிறவள் அந்த நாட்டு மொழியில் பேசத் தெரிந்தவள் என்று நிரூபிக்க வேண்டும். எழுத வேண்டாம், படிக்க வேண்டாம். ஒரு அறையில் உட்கார்ந்து, கேட்கிற கேள்விகளுக்கு இங்கிலீஷில் வாயால் பதில் சொன்னால் போதும். அதுவும் அங்கே தங்குவதற்கான அவனுடைய அனுமதியைப் புதுப்பிக்கும் தேதிக்குள் தேற வேண்டும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

அதுவரை அவள் மாமியார் வீட்டில். வீட்டில் இருந்தது ஒரே அறை. அது கொழுந்தனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும். ரேடியோவுக்கு ஹால். பாய் விரித்தால் தலைமாட்டில் டிவி. ஞாயிற்றுக்கிழமை புருஷன் போன் பண்ணுவதும் அதே ஹாலில்தான். அவள் போனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி கெட்டுப்போய் எத்தனையோ காலமாகிறது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். மாமியார் பேசி, கொழுந்தன் பேசி, கொழுந்தன் பெண்டாட்டி குசலம் விசாரித்து முடித்த பிறகு போன் இவள் கைக்கு வரும். சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்பான் அவன். தம்பதியின் பேச்சு அத்துடன் முடிந்தது.

அந்த ஒரு போனும் குறைய ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு வரும், ஒரு ஞாயிறு வராது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம். பெருமூச்சு மட்டும் விடுவாளாம். அந்தப் பெருமூச்சுக்கு எங்கள் பெரிய ஓரகத்தி விளக்கம் சொன்னாள். தனியா இருக்கற ஆம்பள, நாலு வருஷம், அங்க எவளாவது இருப்பா என்றாள். சின்னவள் வழக்கமாகப் பெரியவள் என்ன சொன்னாலும் மறுப்பாள். இதை மட்டும் மறுக்கவில்லை. ரேடியோ ஷீட்டை உதறினாள். அந்த உதறலில் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தம் அதிகமாக இருந்தது.  தேறினால் அவளுக்கென்று ஒரு குடும்பம், தேறாவிட்டால் காலம் முழுக்க அந்த ஹாலும் பாயும். இது எங்கள் நான்கு பேருக்கும் தெரிந்தே இருந்தது.

முதல் தடவை போனவள் தோற்று வந்தாள். பெயர் கேட்டார்களாம், சொன்னாள். வேலை கேட்டார்களாம், சொன்னாள். வீட்டில் எத்தனை பேர் என்றதற்கும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அவ்வளவு தூரம் கைகொடுத்திருக்கிறது. அடுத்து, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள், உங்கள் ஹாபி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே நின்றது பேச்சு. கேள்வி புரியவில்லையா என்று கேட்டேன். "புரிஞ்சுது அக்கா. என்னன்னு யோசிச்சேன். யோசிச்சுட்டே இருந்தேன். நேரம் முடிஞ்சிடுச்சுன்னாங்க" என்றாள்.

எனக்குத் தேர்வு நடத்துகிறவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. புருஷனோடு வாழப் போகிறவளிடம் கேட்பதற்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லையா? இவளும் இவள்தான், மற்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகும் இடத்தில், மெனக்கெட்டு உண்மையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மொழி தெரியாமல் தோற்கவில்லை, பதில் தெரியாமல் தோற்றாள். இதை எந்த வகுப்பில் போய்க் கற்பது?

நான் முன்பு ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருந்தவள். சாவி, சுடுதண்ணீர், கொசு ஆகிய விஷயங்களைப் பற்றி எந்த நாட்டுக்காரரிடமும் மூச்சு விடாமல் இங்கிலீஷ் பேசுவேன். லாட்ஜ் கைமாறியது, மேசைக்கு இளம்பெண்கள் வந்தார்கள், நான் அதே லாட்ஜின் ஷீட்டை இங்கே மடித்துக்கொண்டிருக்கிறேன். போகட்டும். என் இங்கிலீஷுக்கும் ஒரு உபயோகம் வந்ததே என்று களத்தில் இறங்கினேன். அவளுக்கு வேறு நேரம் ஏது? மெஷினை விட்டால் பஸ், பஸ்ஸை விட்டால் அடுப்பு. ஆகவே பாடம் ஷீட்டோடு நடந்தது. முனைகளைப் பிடித்து உதறும்போது நான் கேள்வி கேட்பேன். அவள் என்னை நோக்கி நடந்துகொண்டே பதில் சொல்வாள். என் கையில் முனைகளைக் கொடுக்கும்போது பதில் முடிந்திருக்க வேண்டும்.

ஹாபிதான் பெரிய தலைவலியாக இருந்தது. கூடத்தில் ஆளாளுக்கு ஒன்றைச் சிபாரிசு செய்தார்கள். சமையல் என்று சொல்லு என்றாள் பெரியவள். ரேடியோ அதிசயமாக எதிர்த்துப் பேசினாள்: "அது வேலை அக்கா. அத எப்படி ஹாபின்னு சொல்றது?" பாட்டுக் கேட்பது என்றாள் சின்னவள். என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டால் கொழுந்தன் பெண்டாட்டி ரசிக்கும் பாட்டைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் அவள் வைப்பதுதான் பாட்டு. சூப்பர்வைசர் தன் பங்குக்கு நீச்சல் என்றார். தண்ணீர்க் குழாயடியில் நிற்பதைத் தவிர அவளுக்கும் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைசியில் நானே தோட்டம் என்று முடிவு செய்தேன். பூ, செடி, தண்ணீர் ஊற்றுவது. யாருக்கும் கெடுதல் இல்லாத விஷயம். ஐ லைக் கார்டனிங் என்று தொடங்கி, காலையில் தண்ணீர் ஊற்றி, ரோஜா பூத்து, மனசு நிறைந்து முடியும் பதில் ஒன்றைக் கட்டிக்கொடுத்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் கட்டில் ஷீட்டுக்குச் சின்னப் பதில், இரட்டைக் கட்டில் ஷீட்டுக்குப் பெரிய பதில் என்று அளவெடுத்தாற்போல வந்தது. ஓரகத்திகள் இருவரும் ஈர ஷீட்டைக் கொடுக்க மறந்து வாய் பார்த்தார்கள். தலையணை உறை வந்தால் எஸ் மேடம், நோ மேடம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ரேடியோ பேச ஆரம்பித்துவிட்டது, இனி நிறுத்த முடியாது என்று கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இரண்டாவது தடவையும் தோற்றாள். என்ன ஆயிற்று என்று விசாரித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தேர்வு நடத்தியவர் ஹாபி கேட்டதும் தோட்டத்தை ஒப்பித்திருக்கிறாள். ஒரு தடுமாற்றமும் இல்லை. மனசு நிறைந்த இடத்தில் பதில் முடிந்தது; முடிந்ததும் பழக்கத்தில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிவிட்டாள், முனைகளைக் கொடுக்க. எதிரே இருந்தவர் அவள் கைகளைப் பார்த்திருக்கிறார். மேலே சொல்லுங்கள் என்றாராம். இவளுக்கு மேலே ஒன்றும் இல்லை, ஷீட் முடிந்துவிட்டதே. அடுத்த கேள்விக்கும் அதே கதை. கேட்டவுடன் நிமிர்கிறாள், அளந்தாற்போலப் பேசுகிறாள், கைகளை நீட்டுகிறாள், வாயை மூடிக்கொள்கிறாள். எந்தப் பதிலும் ஒரு ஷீட்டைத் தாண்டவில்லை. மனப்பாடமாகப் பேசுகிறார், உரையாடலைத் தொடர முடியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். முனைகளைக் கொடுக்கும்போது, "பரவால்ல அக்கா, ரோஜான்னு சொல்லும்போதே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றாள். 

இனி ஒரே ஒரு தடவைக்குத்தான் காலம் இருந்தது. அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமைப் போன் அடியோடு நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. எப்போதாவது வார நாளில் வரும். ரிசல்ட் என்னாச்சு என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவானாம். மாமியார் இப்போது பெருமூச்சு விடுவதையும் விட்டுவிட்டு, கொழுந்தன் பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று பேச ஆரம்பித்திருந்தாள். அந்த ஆள் யார் என்பது சொல்லாமலே புரிந்தது.

மெஷின் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தினால் மறுபடி கை நீளும் என்பதால், சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து பேசுவோம் என்றேன். உலர்த்தும் அறைக்கு வெளியே, சூடான சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு உண்டு. ரேடியோவை உட்கார வைத்து, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று இங்கிலீஷில் கேட்டேன்.  திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டாள். மூடி ஒரு கையில், ஸ்பூன் ஒரு கையில். தலை சுவரில் சாய்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. நிற்கிறவரைக்கும் நிற்பாள், உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. யாருக்காக இந்தப் பாடு? என் சாப்பாட்டு நேரத்தையும் கெடுத்துக்கொண்டு? உலுக்கி எழுப்பப் போனேன். பெரிய ஓரகத்தி என் கையைப் பிடித்தாள். விட்டுடு என்றாள். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம். எங்களுக்கும் கொட்டாவி வந்தது. பாடம் அத்தோடு நின்றது.

மூன்றாவது தேர்வுக்கு அவள் எந்தத் தயாரிப்பும் இல்லாமல்தான் போனாள். முந்தின நாள் கொழுந்தனின் மாமனார் வீட்டார் வந்திருக்கிறார்கள். அவர்கள் கிளம்பி, பாத்திரம் கழுவி, ஹாலைக் கூட்டிப் பாய் போட்டபோது விடிய அதிக நேரம் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து, வியர்க்க விறுவிறுக்க அந்த அறைக்குள் நுழைந்தாளாம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள். நடுவில் பேச்சைப் பதிவு செய்யும் மெஷின். குளிர்சாதனம் ஓடியது. நாற்காலிக்கு மெத்தை வேறு. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருந்திருக்கிறாள்.

பெயர், ஊர், வேலை எல்லாம் ஆனது. அந்தக் கேள்வியும் வந்தது. உங்கள் ஹாபி என்ன?

அவளுக்குத் தோட்டம் ஞாபகம் வந்ததாம். ரோஜாவும் வந்ததாம். ஆனால் அந்த ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடத் தெம்பில்லை என்று தோன்றியதாம். மை ஹாபி இஸ் ஸ்லீப்பிங், மேடம் என்றாள்.

அந்த அம்மாள் சிரித்தாராம். கேலிச் சிரிப்பில்லை என்று ரேடியோ இரண்டு முறை அழுத்திச் சொன்னாள். கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். நான் இத்தனை பாடுபட்டும் திறக்காத அந்த ரேடியோ அங்கே திறந்துகொண்டது.

எங்கள் ஹாலில் டிவி என் தலைமாட்டில் இருக்கிறது என்று ஆரம்பித்திருக்கிறாள். மாமியார் தொடர் பார்ப்பார். அது முடிந்தால் கொழுந்தன் கிரிக்கெட் பார்ப்பார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடலாம், காதை எப்படி மூடுவது? விளக்கை அணைத்ததும் தூக்கம் ஓடிப்போகும். அது திரும்பி வரும்போது குழாயில் தண்ணீர் வந்துவிடும். பஸ்ஸில் பின்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கிறது, அது மட்டும் ஆடாது; அதைப் பிடித்தால் நன்றாகத் தூங்கலாம், கண்டக்டருக்கு என்னைத் தெரியும், எழுப்பிவிடுவார். வேலை செய்யும் இடத்தில் ஒரு சூடான சுவர் இருக்கிறது. அங்கே நான் கண்ணை மூடினால் என் அக்காமார் மூன்று பேரும் சத்தம் போடாமல் சாப்பிடுவார்கள்.

இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். தூங்குகிறவளுக்கு அது எப்படித் தெரிந்தது?

தூக்கத்தில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அந்த அம்மாள் கேட்டாராம். யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றாளாம் இவள். பிறகு எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். லாட்ஜ் ஷீட்டை மடிக்கும்போது இதில் யார் படுத்தார்களோ, எவ்வளவு நேரம் தூங்கினார்களோ என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்கள் தூங்குவதற்குத்தான் நான் நாள் முழுக்க நிற்கிறேன். என் கணவர் இருக்கும் ஊரில் பனி பெய்யுமாம், கதவை மூடித்தான் வைத்திருப்பார்களாம். அங்கே போனால் முதல் நாள் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். இலக்கணம் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நேரம் முடிந்தது என்று அந்த அம்மாள் கையைக் காட்டியும் இவள் நிறுத்தவில்லை. ஒரு இடத்தில் அந்த அம்மாளுக்கே பெரிய கொட்டாவி வந்துவிட்டதாம். மன்னிச்சுக்கோங்க, நேத்து எனக்கும் தூக்கமில்லை என்றாராம். கைகளை நீட்டினாயா என்று கேட்டேன். மடியில் வைத்திருந்தேன் என்றாள்.

முடிவு வர சில வாரங்கள் ஆயின. நான் நம்பிக்கையே வைக்கவில்லை. தூக்கத்தை ஹாபி என்று சொன்னவளை எந்த நாடு உள்ளே விடும் என்று வீட்டில் புலம்பினேன். ஒருநாள் காலை அவள் போனில் செய்தி வந்தது. அவள் பார்க்கப் பயந்து என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். நம்பாமல் மறுபடி படித்தேன். தேறிவிட்டாள். பெரியவள் விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது ஒரே வீட்டில் இருக்கும் சின்னவளுக்கே அன்றுதான் தெரிந்தது. ரேடியோ மட்டும் ஷீட் குவிந்துவிடும் அக்கா, வாங்க என்றாள்.

புருஷனுக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். சாப்பாட்டு வேளையில் அவன் கூப்பிட்டான். வீட்டு ஹால் இல்லாமல், மாமியார் இல்லாமல், அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் போன் அதே போன். ஸ்பீக்கர் போட்டுத்தான் பேச வேண்டும். நாங்கள் எழுந்து போயிருக்க வேண்டும். மூன்று பேரும் டிபன் பாக்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவன் சந்தோஷப்பட்டான். காகிதங்களை உடனே அனுப்புகிறேன் என்றான். பேச்சில் ஒரு அவசரம் இருந்தது, பின்னால் ஏதோ வண்டி உறுமியது. என்ன கேட்டார்கள் என்றான். ஹாபி கேட்டார்கள் என்றாள். அதற்கு என்ன சொன்னாய் என்றான். தூங்கறதுன்னு சொன்னேன் என்றாள்.



"தூங்கறதுன்னா சொன்ன? நல்லா சொன்ன போ. தூங்கறதுக்கா இங்க வரப்போற?"

பெரியவள் என் தொடையில் கிள்ளினாள். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி அவனை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் ரேடியோ பேசினாள்.

"ஆமாங்க. தூங்கத்தான் வரேன். எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு."

அவள் குரல் உயரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாள்.  வைத்துவிடுவான் என்று நினைத்தேன். நான்கு வருஷம் காத்திருந்து, மூன்று தேர்வுக்குப் போய், கடைசியில் ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாளே என்று நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

"பக்கத்துல அம்மா இருக்காங்களா?" என்று கேட்டான். குரல் மாறியிருந்தது.

இல்லை, வேலை இடம் என்றாள்.

அதற்கு அப்புறம் அவன் சொன்னான். இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறேன் என்றான். அறையில் கட்டில் முறை வைத்துத்தான். நான் எழுந்தால் இன்னொருவன் படுப்பான், தலையணை ஆறவே ஆறாது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு, அதனால் கட்டில் அவனுக்கு. "நான் எங்க போவேன்? துணி துவைக்கற கடை ஒண்ணு இருக்கு, காசு போட்டா மெஷின் ஓடும். அங்க உள்ள கதகதன்னு இருக்கும். நாற்காலியில உக்காந்து உனக்கு போன் பண்ணலாம்னு எடுப்பேன். முழிச்சுப் பாத்தா சாயந்திரம் ஆயிருக்கும். தூங்கிட்டேன்னு அம்மா முன்னாடி எப்படிச் சொல்றது? இங்க நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பெரிய ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஒருத்தியைக் கற்பனை செய்து, அவளோடு சண்டை போட்டு, சாபமும் கொடுத்து முடித்திருந்தோம். அவன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீங்க முதல்ல ஒரு ரூம் பாருங்க. பெரிய கட்டிலா ஒண்ணு வாங்குங்க. நான் வந்ததும் ரெண்டு பேரும் தூங்கலாம்" என்றாள் ரேடியோ.

சின்னவளால் அடக்க முடியவில்லை, குபீரென்று சிரித்துவிட்டாள். பெரியவளும் சிரித்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். யாரது என்று அவன் திடுக்கிட்டுக் கேட்டான். மெஷின் சத்தம் என்றாள் ரேடியோ. பொய் சொல்லத் தெரியாதவள் என்று நான் ஊரெல்லாம் சான்றிதழ் கொடுத்துவைத்திருந்தது அவளுக்குத்தான். அவனும் நம்பிவிட்டான், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டான். சரி, ரூம் பாக்கறேன், நீ சாப்பிடு என்றான். நீங்க தூங்குங்க என்றாள்.

மெஷினைப் போட்டார்கள். ஓரகத்திகள் ஈர ஷீட்டைக் கொடுத்தார்கள். நானும் அவளும் முனைகளைப் பிடித்து உதறி, இழுத்து, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். அவள் கண்கள் நனைந்திருந்தன. முகம் மட்டும் மலர்ந்து கிடந்தது.

"அக்கா, அவரும் தூங்கவே இல்லையாம்" என்றாள்.

இதைப் போய் யாராவது இவ்வளவு சந்தோஷமாகச் சொல்வார்களா? அவள் சொன்னாள்.